ரம்ப பிளேடை ஏன் முறுக்குகிறார்கள்?

டவ்டெயில் என்கிற புறாவால் இணைப்பை (பலகையின் முனையில் புறாவின் வால் மாதிரி விரியும் பற்களை வெட்டி, இன்னொரு பலகையோடு கோக்கும் இணைப்பு) கையால் வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சரிவாக அறுப்பது பெரிய கஷ்டமே இல்லை. மென்மரத்துக்கு 1:6, வன்மரத்துக்கு 1:8 என்று வழக்கமான சரிவில் கோடு போட்டுவிட்டால் நல்ல ரம்பம் அதன் மேலேயே இறங்கிவிடும். தலைவலி அப்புறம்தான். இரண்டு வால்களுக்கு நடுவில் நிற்கும் வேண்டாத துண்டை எப்படி வெளியே எடுப்பது? முழுவதையும் உளியால் கொத்தலாம், ஆனால் உளியின் சரிந்த முகம் ஆப்பு மாதிரி வேலை செய்து, ஒவ்வொரு அடிக்கும் உளியையே அடிக்கோட்டுக்கு (வால்கள் முடியும் இடத்தைக் காட்டும் கோடு) அந்தப் பக்கம் நகர்த்திவிடும். அதனால் பெரும்பகுதியை மெல்லிய பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் உளியைத் தொடுவது பலரது வழக்கம்.

இதற்கு ஃப்ரெட் ரம்பம் (U வடிவ ஃப்ரேமில் மெல்லிய பிளேடை இழுத்துக் கட்டிய கை ரம்பம்) தோதானது. டவ்டெயில் ரம்பம் விட்டுப்போகும் தடம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். 5-ஆம் எண் பிளேடின் தடிமன் சுமார் 0.4 மில்லிமீட்டர்தான், அகலம் 1 மில்லிமீட்டர். அது தடத்துக்குள் சிக்காமல் அடிவரை இறங்கும். அங்கே பல்லைப் பக்கவாட்டில் திருப்பி, குறுக்கே அறுத்து அடுத்த தடத்தைத் தொட்டால் துண்டு கையோடு வந்துவிடும். அதே மாதிரி ஃப்ரேம் கொண்ட கோப்பிங் ரம்பத்தின் பிளேடு இதைவிடத் தடிமன் என்பதால் பெரும்பாலும் தடத்தின் அடிவரை போகாது, பாதியிலேயே வளைத்துத் திரும்ப வேண்டியிருக்கும்.

சரி, பிளேடு அடியில் திரும்புகிறது, ஃப்ரேம் எங்கே போகும்? பலகை வைஸில் (மேசைப் பிடிப்பானில்) நிமிர்ந்து நிற்கிறது. ஃப்ரேமின் முதுகு, அதாவது பிளேடுக்கு எதிரே ஓடும் கம்பி, பிளேடிலிருந்து 125 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல் கீழே பார்த்தபடி இறங்கும்போது முதுகு பலகைக்கு மேலே நிற்கும், தொந்தரவு இல்லை. பல்லை வலது பக்கம் திருப்பினால் முதுகு அப்படியே இடது பக்கம் சாய்ந்து படுக்கும். பக்கத்து வால் 18 மில்லிமீட்டர் உயரமாக இருந்தாலும் போதும், ஃப்ரேம் கிடைமட்டத்துக்கு வருவதற்கு முன்பே அதன் தலையில் இடித்துவிடும். பலகையின் ஓரத்தில் என்றால் முதுகுக்கு வெளியே இடம் கிடைக்கும், அகலப் பலகையின் நடுவில் வழியே கிடையாது.

பிளேடை ஃப்ரேமுக்கு 45 டிகிரி முறுக்கி வைத்தால் சிக்கல் தீர்கிறது. தடத்தில் இறங்கும்போது ஃப்ரேம் 45 டிகிரி வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அடியில் 90 டிகிரி திரும்பிய பிறகு 45 டிகிரி இடப்பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டு நிலையிலும் முதுகு பிளேடுக்கு மேலே சுமார் 88 மில்லிமீட்டர் உயரத்தில், வால்களுக்கு எட்டாத இடத்தில். ஒரேயடியாக 90 டிகிரி முறுக்கினால் குறுக்கே அறுக்கும்போது சொகுசுதான், ஆனால் இறக்கும்போதே ஃப்ரேம் படுத்துக்கொண்டு இடிக்கும். திரும்ப வேண்டிய 90-ஐ இரண்டு பக்கமும் சமமாகப் பங்கு போடுவதால்தான் 45.

முறுக்குவதில்தான் நான் முதலில் கோட்டை விட்டேன். பிளேடின் இரண்டு நுனியையும் பிடித்து மொத்தமாக முறுக்கினேன், கையை விட்டதும் நேராகிவிட்டது. காரணம் கணக்கில் இருக்கிறது. மெல்லிய பட்டையை முறுக்கும்போது அதன் மேற்பரப்பில் வரும் விகாரம் (உலோகம் எவ்வளவு உருக்குலைகிறது என்ற அளவு), தடிமனை முறுக்குக் கோணத்தால் பெருக்கி, முறுக்கிய நீளத்தால் வகுத்தால் வருவது. 45 டிகிரி என்பது 0.785 ரேடியன். அதை பிளேடின் 130 மில்லிமீட்டர் நீளம் முழுக்கப் பரப்பினால் விகாரம் 0.24 சதவீதம். கெட்டியான எஃகு சுமார் 1 சதவீதம் வரை ரப்பர் மாதிரி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதே 45 டிகிரியை 10 மில்லிமீட்டருக்குள் அடக்கினால் 3 சதவீதத்தைத் தாண்டும், எஃகு தோற்று அப்படியே நிற்கும். அதிலும் கொஞ்சம் பின்வாங்கும் என்பதால் 60 டிகிரிக்கு மேலேயே முறுக்கி, விட்டுப் பார்த்து, போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் போக வேண்டும். அவசரப்பட்டால் படக்கென்று உடையும்.

ஆகவே பிளேடை ஃப்ரேமில் மாட்டி இறுக்குங்கள். இரண்டு நுனியிலும் பிடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி ஒவ்வொரு குறடால் கவ்வி, இரண்டு மணிக்கட்டையும் ஒரே பக்கமாகத் திருப்புங்கள். எதிரெதிராகத் திருப்பினால் நடுப்பகுதி திருகாணி மாதிரி சுற்றிக்கொள்ளும், அந்த பிளேடு குப்பைக்குத்தான். சரியாக வந்திருந்தால் நுனியிலிருந்து பார்க்கையில் இரண்டு நுனியும் ஃப்ரேமோடு நேராகவும், நடுப்பகுதி முழுக்க ஒரே சாய்வாகவும் தெரியும். (ஒரு பக்கம் முறுக்கிய பிளேடு ஒரு திசையில்தான் வசதி. எதிர்த்திசையில் அறுக்க வேண்டுமென்றால் பலகையின் மறுபக்கம் போய் நின்றுகொள்ளலாம்.)

திருப்பும் இடத்தில் பொறுமை வேண்டும். அழுத்தாமல், பிளேடை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே மெதுவாகத் திருப்பினால் பல் தனக்கான இடத்தைத் தானே கடித்துக்கொள்ளும். நிறுத்திவிட்டுத் திருப்பினால் மெல்லிய பிளேடு முறுக்கிய இடத்திலேயே ஒடியும், நான் ஒடித்ததில் பாதிக்கு மேல் அப்படித்தான். கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் மேலேயே குறுக்கே போங்கள். மிச்சமிருக்கும் அந்த மெல்லிய வரப்பை உளியின் ஓரத்தைக் கோட்டில் வைத்து இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதியாகச் சீவினால், அடியில் ஆப்பாகத் தள்ளுவதற்கு மரமே இருக்காது.