கப்பல் வாடகையை மட்டும் விசாரித்துவிட்டு விலை சொல்லாதீர்கள்

போன வாரமும் ஒருவர் அதே கதையோடு வந்தார். இந்த ஆண்டில் இது எத்தனையாவது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஏற்றுமதி ஆவணங்களையும் வங்கிக் கடனையும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். விலை பேசும்போது என் ஞாபகம் யாருக்கும் வராது, சரக்கு கப்பலேறிய பிறகுதான் வரும்.

இவருடையது 60,000 டாலர் சரக்கு. பையர் வேறொரு கண்டத்தில். சரக்கு போய்ச் சேர்ந்து 60 நாளில் பணம் தருவதாக ஒப்பந்தம். நேராகப் போகும் கப்பலைவிட 300 டாலர் குறைவு என்று, இரண்டு துறைமுகங்களில் கப்பல் மாறிப் போகும் வழியைப் பிடித்திருக்கிறார். அந்த வழியில் 21 நாள் கூடுதல். வங்கிக்கு அவர் கட்டும் வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். 60,000 டாலருக்கு 21 நாள் வட்டி போட்டுப் பாருங்கள், 414 டாலர் வரும். முன்னூறு மிச்சம் பிடிக்கப் போய் நானூறு விட்டதை மனிதர் என் மேசையில்தான் கண்டுபிடித்தார்.

தூரம் என்றால் கப்பல் வாடகை என்று நினைக்கும் இந்தப் பழக்கத்தோடுதான் என் சண்டை. 1962-இல் யான் டின்பெர்கன் என்ற பொருளியலாளர் ஒரு கணக்குப் போட்டார்: இரு நாடுகளின் பொருளாதாரம் பெரிதாக இருந்தால் வணிகம் கூடும், இடையில் தூரம் கூடினால் குறையும். பிறகு வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், தூரம் இரட்டித்தால் வணிகம் ஏறக்குறைய பாதியாகிறது. சரி, அதற்குக் காரணம் வாடகைதான் என்றால், 1956-இல் முதல் கன்டெய்னர் கப்பல் ஓடிச் சரக்கேற்றும் செலவு சரிந்த பிறகு தூரத்தின் பிடி தளர்ந்திருக்க வேண்டும். தளரவில்லை. ஏனென்றால் தூரம் என்பதில் வாடகை ஒரு பங்குதான். மீதி நாள்கள், நாணயம், நம்பிக்கை. ஹம்மல்ஸ், ஷாவர் என்ற இருவர் அமெரிக்க இறக்குமதியை வைத்து 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வழியில் கழியும் ஒவ்வொரு நாளும் 0.6 முதல் 2.1 சதவீத வரிக்குச் சமம். இவருடைய 21 நாளை அதோடு பெருக்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் நம்பாதவர்கள் இரும்புத்தாதுவைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து சீனாவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம், பிரேசிலிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல். ஆனாலும் பிரேசில் தாது அங்கே விற்கிறது. கராஜாஸ் சுரங்கத் தாதுவில் இரும்புச்சத்து சுமார் 65 சதவீதம், ஏற்றிப் போகும் கப்பல்கள் சில 4 லட்சம் டன் கொள்ளும். தரத்தாலும் அளவாலும் அவர்கள் தூரத்தை ஈடுகட்டுகிறார்கள். நியூசிலாந்தின் கதை இதற்கு மறுபக்கம். 1882 முதல் பிரிட்டனுக்கு உறைந்த இறைச்சி அனுப்பிய நாடு அது. 1973-இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. கடல் ஒரு மைல்கூட நீளவில்லை, அந்தச் சமூகத்துக்கு வெளியே நின்ற நியூசிலாந்துக்குச் சந்தை மட்டும் சுருங்கியது.

அப்புறம் நாணயம். “நம் நாணயம் சரிந்தால் நமக்கு லாபம்தானே?” என்பார்கள். மூலப்பொருளையும் டாலரில் வாங்குகிறவருக்கு என்ன பெரிய லாபம்? அதோடு பணம் வருவதற்குள் அது திரும்ப ஏறாது என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? நாலு மாதம் பணம் வெளியே நிற்கும் என்றால் ஃபார்வர்டு போட்டுவிடுங்கள், அதாவது பின்னால் வரும் டாலருக்கான மாற்று விலையை இன்றைக்கே வங்கியோடு பேசி முடித்துவிடுங்கள். சூதாட ஆசை என்றால் அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், சரக்கோடு கலக்காதீர்கள்.

விலை சொல்லும் முன், உற்பத்தி தொடங்கும் நாளிலிருந்து பணம் கணக்கில் ஏறும் நாள் வரை எண்ணுங்கள். அந்த மொத்த நாளுக்கும் வட்டி போடுங்கள். செங்கடலில் 2023 நவம்பரில் தாக்குதல்கள் தொடங்கியதும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போய், ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே பத்து நாளுக்கு மேல் கூடியது. அப்படி ஒன்று வந்தால் தாங்குகிற அளவுக்கு விலையில் இடம் விடுங்கள். வரிச்சலுகை ஒப்பந்தத்தை நம்பி விற்கிறீர்கள் என்றால், வழியில் சரக்கைப் பிரித்துக் கட்டலாமா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் கூடாது. இவருடைய கன்டெய்னரை இரண்டாவது துறைமுகத்தில் திறந்து வேறு பெட்டிகளில் அடுக்கியிருக்கிறார்கள். பிறப்பிடச் சான்றிதழ் கையில் இருந்தும் சலுகை போய்விட்டது, முழு வரியையும் கட்டிய பையர் இப்போது தள்ளுபடி கேட்கிறார்.

எல்.சி. (ஆவணம் சரியாக இருந்தால் பணம் தருவதாகப் பையரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) வந்தால் அன்றைக்கே ஒரு வரிகூட விடாமல் படியுங்கள். திருத்தம் கேட்க வேண்டியதைச் சரக்கு ஏற்றுவதற்கு முன்பே கேளுங்கள். பையரின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் வங்கி ஆவணத்தைத் திருப்பக்கூடும், அப்போது அங்கே துறைமுகத்தில் டெமரேஜ், அதாவது எடுக்காமல் கிடக்கும் கன்டெய்னருக்கான தாமதக் கட்டணம், ஓடிக்கொண்டிருக்கும்.

தயவுசெய்து, கொட்டேஷன் அனுப்பும் முன் ஒரு போன் போடுங்கள். பத்து நிமிடம் போதும்.