ஃபிலிமில் குரல் எங்கே இருக்கிறது?

1930-களின் ஹாலிவுட் படங்களைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “படம் ஃபிலிமில் இருக்கிறது, சரி. குரல் எங்கே இருந்தது?”

அதே ஃபிலிமில்தான். ஆனால் வார்னர் பிரதர்ஸ் முதலில் வேறு வழியில் போனது. 1927-இல் வந்த ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்தின் ஒலி, தனியாக 16 அங்குல இசைத்தட்டுகளில் இருந்தது. ஃபிலிம் அறுந்து நாலு ஃப்ரேம் போனால், நாலு ஃப்ரேம் கறுப்பு ஃபிலிமை ஒட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். சில வருடங்களில் வார்னரே அதைக் கைவிட்டது.

நிலைத்தது ஃபிலிமிலேயே ஒலியைப் பதிக்கும் முறை. மைக்கில் பிறக்கும் மின்சாரம் ஒரு விளக்கொளியை ஆட்டிவைக்கும். அந்த ஒளி ஃபிலிமின் ஓரத்தில் மெல்லிய பட்டையாகப் பதியும். தியேட்டரில் அந்தப் பட்டை வழியே வரும் ஒளி ஒளிமின் கலத்தில் பட்டு, மறுபடி மின்சாரமாகி ஸ்பீக்கருக்குப் போகும். ஒளி பட்டு மின்சாரம் பிறக்கும் இந்த ஒளிமின் விளைவை 1887-இல் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் கவனித்தபோதும், 1905-இல் ஐன்ஸ்டைன் விளக்கியபோதும் சினிமா அவர்கள் கணக்கிலேயே இல்லை. ‘இதனால் என்ன லாபம்?’ என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்கான நிதியை வெட்டுபவர்கள் மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

அப்புறம் வருகிறது எனக்கு மிகவும் பிடித்த இடம். படத்துக்கு ஃபிலிம் நின்று நின்று போக வேண்டும், நொடிக்கு 24 முறை. ஒலிக்கோ அது நிற்கவே கூடாது. ஒரு நொடியில் சுமார் 46 சென்டிமீட்டர் ஃபிலிம் ஓடுகிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின், அதாவது நொடிக்கு 1000 முறை அதிரும் ஒலியின், ஒவ்வொரு அலைக்கும் கிடைப்பது அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடம். அங்கே சின்னக் குலுக்கல் விழுந்தாலும் பாட்டு நடுங்கும். ஆகவே லென்ஸுக்கு எதிரே ஃபிலிமை நின்று போகவிட்டு, அதற்குக் கீழே கொஞ்சம் தளர்வாகத் தொங்கவிட்டார்கள். பிறகு கனமான சக்கரம் ஒன்றுடன் இணைந்த உருளை அதைச் சீராக ஓடவைக்கும். ஒலி படிக்கப்படுவது அங்கேதான். இந்த இடைவெளிக்காக, ஒவ்வொரு காட்சிக்குரிய ஒலியும் சுமார் 20 ஃப்ரேம் முன்னதாகவே அச்சிடப்பட்டிருக்கும்.

பழைய பிரதி ஓடும்போது இதைக் காதாலேயே பிடிக்கலாம். ஒட்டுப்போட்ட இடத்தில் படம் துள்ளும். ஒரு நொடி ஆவதற்குள் ‘டப்’ என்று ஸ்பீக்கர் சொல்லும். அந்தச் சத்தத்தை அடக்கத்தான் ஒட்டின் மேல், ஒலிப்பட்டையில், கறுப்பு மையால் முக்கோணம் தீட்டினார்கள். ஒளி மெதுவாகக் குறைந்து மெதுவாகத் திரும்பும்; ‘டப்’ காணாமல் போகும்.