செக்கர் எங்கே? செயலியின் மௌனத்துக்கு என்ன அர்த்தம்?

டிக்கெட் செக்கர் எந்த ஸ்டேஷனில் நிற்கிறார் என்று பயணிகளே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் செயலிகள் சில ஊர்களில் இருக்கின்றனவாமே, அவை உண்மையில் வேலை செய்யுமா என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தார். வித்தவுட்டில் போவதற்கு வழி கேட்கிறாரோ என்று முதலில் தோன்றியது. கேள்வியின் அடுத்த வரி அந்தச் சந்தேகத்தைப் போக்கிவிட்டது. "செயலியில் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால், செக்கர் இல்லை என்று அர்த்தமா, பார்த்தவர் யாரும் இல்லை என்று அர்த்தமா?" நிகழ்தகவுக் கணிதத்தின் மிக அழகான மூலைகளில் ஒன்றை அவர் தானாகவே தொட்டிருக்கிறார்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகின் பல நகரங்களில் ரயில், டிராம் நிலையங்களுக்குத் தடுப்புக் கதவே கிடையாது. பெர்லின் நகர ரயில்களில் யாரும் நேராக உள்ளே போய் உட்காரலாம். டிக்கெட் வாங்குவது பயணியின் பொறுப்பு. செக்கர் எப்போதாவது வருவார். டிக்கெட் இல்லாவிட்டால் 60 யூரோ கட்ட வேண்டும். கதவு வைக்கும் செலவும், கதவருகே சேரும் நெரிசலும் மிச்சம். முழு ஏற்பாடும் ஒரே ஒரு விஷயத்தில் நிற்கிறது: செக்கர் எப்போது வருவார் என்று பயணிக்குத் தெரியக்கூடாது.

இதன் கணக்கை 1968-இல் பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் எழுதினார். தேர்வு நடத்தப் போகும் அவசரத்தில், காசு கொடுத்துக் காரை நிறுத்துவதா, தெருவில் விட்டு அபராதம் வந்தால் பார்த்துக்கொள்வதா என்று யோசித்தபோதுதான் இந்தச் சிந்தனை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். மாட்டும் நிகழ்தகவை அபராதத்தால் பெருக்குங்கள். அது கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தால், ஆசாமி மனசாட்சியை ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்கு மட்டும் பார்ப்பவராக இருந்தால், டிக்கெட் வாங்கமாட்டார். கட்டணம் 1 ரூபாய், அபராதம் 50 ரூபாய் என்று வையுங்கள். எல்லைக்கோடு 2 சதவீதம். சோதனை வரும் வாய்ப்பு அதற்கு மேலே இருந்தால் டிக்கெட் வாங்குவதுதான் லாபம். ஒரு வழித்தடத்தில் அந்த வாய்ப்பு 5 சதவீதம் என்றால், திருட்டுப் புத்திக்காரரும் வரிசையில் நின்று டிக்கெட் எடுப்பார்.

இப்போது செயலியை உள்ளே விடுவோம். செக்கரைப் பார்த்தவர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். வரைபடத்தில் சிவப்புப் புள்ளி விழுகிறது. புள்ளி இருந்தால் செக்கர் இருக்கிறார். இது எல்லோருக்கும் புரியும். புள்ளி இல்லாத இடத்தில்தான் விஷயமே இருக்கிறது.

செக்கர் நிற்கும் ஒரு நிலையத்தை, செயலி வைத்திருக்கும் 10 பேர் கடந்து போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்த்ததைப் பதிவு செய்யும் பழக்கம் மனிதர்களிடம் குறைவு; நூற்றுக்கு இரண்டு பேர்தான் பொத்தானை அழுத்துவார்கள் என்போம். ஒருவர் அழுத்தாமல் போகும் வாய்ப்பு 0.98. பத்துப் பேருமே அழுத்தாமல் போகும் வாய்ப்பு 0.98-ஐப் பத்து முறை பெருக்கினால் வரும்: ஏறக்குறைய 0.82. அதாவது செக்கர் கண்ணெதிரே நின்றாலும் நூற்றில் 82 தடவை செயலி வாய் திறக்காது. அதே நிலையத்தை 100 பேர் கடந்தால்? 0.98-ஐ நூறு முறை பெருக்குங்கள். 0.13-க்கு இறங்கிவிடுகிறது. 300 பேர் என்றால் 0.002. ஒவ்வொருவரும் சோம்பேறியாகவே இருக்கிறார். ஆனால் 300 சோம்பேறிகள் சேர்ந்தால் செக்கர் ஒளிய இடமில்லை. எனக்கு இந்தக் கணக்கு அலுப்பதே இல்லை. தனி ஆள் யாரும் மாறாமல், எண்ணிக்கை மட்டும் கூடுவதால் ஒரு மௌனம் பேச ஆரம்பிக்கிறது.

அது என்ன பேசுகிறது என்பதை 1763-இல் வெளியான தாமஸ் பேயஸின் கட்டுரையிலிருந்து வளர்ந்த விதி சொல்கிறது. முன்னால் நாம் நம்பிய வாய்ப்பு 5 சதவீதம். புதிய தகவல் மௌனம். பொய்த் தகவல் யாரும் தருவதில்லை என்று இப்போதைக்கு வைத்துக்கொண்டால், செக்கர் இல்லாத நிலையத்தில் மௌனம் நிச்சயம். இருக்கும் நிலையத்தில் 100 பேர் கடந்தும் மௌனம் நிலவும் வாய்ப்பு 0.13. ஆகவே 0.05 × 0.13 என்பதை, அதோடு 0.95 சேர்ந்த மொத்தத்தால் வகுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.7 சதவீதம். 10 பேர் மட்டும் கடந்த நிலையத்துக்கு அதே கணக்கைப் போட்டால் 4.1 சதவீதம்.

நம் எல்லைக்கோடு 2 சதவீதம். நெரிசலான நிலையத்தின் மௌனம் அதற்குக் கீழே விழுகிறது, ஆளில்லாத நிலையத்தின் மௌனம் மேலே நிற்கிறது. திரையில் இரண்டு நிலையங்களும் ஒரே மாதிரி வெறுமையாகத்தான் தெரியும். ஒன்றில் அந்த வெறுமை ஒரு சாட்சியம், மற்றதில் அதற்கு மதிப்பே இல்லை. மாணவரின் கேள்விக்கு நேர் பதில் இதுதான்: அந்த இடத்தை எத்தனை கண்கள் கடந்தன என்று தெரியாமல் மௌனத்துக்கு அர்த்தம் சொல்ல முடியாது. மருந்தின் பக்கவிளைவு பற்றிப் புகாரே வரவில்லை என்பதற்கும், ஏரியில் ஒரு பறவையை யாரும் பார்க்கவில்லை என்பதற்கும் இதே விதிதான். பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களிடம், பார்த்த பறவைகளோடு எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்றும் கேட்பது இதனால்தான்.

அடுத்தது காலம். செக்கர் தூண் இல்லை; நகர்வார். பள்ளியில் கதிரியக்கத்துக்குப் படித்த அரை ஆயுட்காலம் இங்கேயும் வருகிறது. ஒரு குழு ஓரிடத்தில் தொடர்ந்து நிற்கும் வாய்ப்பு பத்து நிமிடத்துக்கொரு முறை பாதியாகிறது என்றால், 20 நிமிடம் பழைய சிவப்புப் புள்ளிக்கு மதிப்பு கால்வாசிதான். மௌனத்துக்கும் வயது உண்டு. காலையில் கடந்த 300 பேரின் மௌனம் மாலைக்கு உதவாது. அதனால்தான் இப்படிப்பட்ட செயலிகளுக்கு ஆட்கள் அலையலையாக வந்துகொண்டே இருக்க வேண்டும். கூட்டம் கொஞ்சம் மெலிந்தாலும் வரைபடம் முழுக்கப் பழைய செய்தியாகிவிடும்.

பொய்யும் வரும். செக்கர் இல்லாத நிலையத்திலிருந்தும் 5 சதவீதம் தவறான தகவல் வரக்கூடும் என்று சேர்த்துக்கொண்டால், நூறு பேர் கடந்த நிலையத்தில் சிவப்புப் புள்ளி விழுந்த பிறகும் செக்கர் இருக்கும் வாய்ப்பு 48 சதவீதம்தான். ஏறக்குறைய பாதிக்குப் பாதி! ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னால் சந்தேகம் வேகமாகக் கரையும். தொடர்பில்லாதவர்கள் என்பது முக்கியம். 2014-இல் இஸ்ரேலின் டெக்னியான் பல்கலைக்கழக மாணவர்கள், இல்லாத கார் ஓட்டுநர்களை உருவாக்கி, ஓட்டுநர்களுக்கு வழிகாட்டும் வேஸ் செயலியில் இல்லாத போக்குவரத்து நெரிசலைக் காட்டினார்கள். 2020-இல் பெர்லினில் சைமன் வெக்கெர்ட் என்ற கலைஞர் 99 கைபேசிகளை ஒரு கைவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தார். கூகுள் வரைபடம் அந்தக் காலித் தெருவைச் சிவப்பாக்கியது. நூறு கண்கள் என்று செயலி எண்ணுவது ஒரே கையாக இருந்துவிட்டால், மேலே போட்ட பெருக்கல் முழுவதும் செல்லாது.

வித்தவுட் பயணத்தை நான் ஆதரிக்கவில்லை. ஸ்வீடனில் 2001-இல் தொடங்கிய பிளாங்கா.நு என்ற அமைப்பு, உறுப்பினர்களிடம் சந்தா வாங்கி, மாட்டியவர்களின் அபராதத்தை அந்த நிதியிலிருந்து கட்டியது. பொதுப் போக்குவரத்தே இலவசமாக வேண்டும் என்பது அவர்கள் வாதம். அது அரசியல் கோரிக்கை, அதை வெளிப்படையாக வாதாடலாம். லக்ஸம்பர்க் 2020 முதல் நாடு முழுவதும் அப்படிச் செய்தும் காட்டியிருக்கிறது. ஆனால் செயலியை வைத்துத் தப்பிப்பதில் ஓர் அநியாயம் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. செக்கரின் வேலை நேரம் குறையவில்லை, அவர் நடக்கும் தூரம் குறையவில்லை. தகவல் தெரிந்தவர்கள் விலகிப் போய்விட்டால், அவர் கையில் கிடைப்பவர்கள் தகவல் தெரியாதவர்கள்: நல்ல கைபேசி இல்லாதவர், ஊருக்குப் புதியவர், முதியவர். ஜெர்மனியில் டிக்கெட் இல்லாப் பயணம் குற்றவியல் சட்டத்திலும் வருகிறது. நீதிமன்ற அபராதம் கட்ட முடியாத ஏழைகள் சிறைக்கே போகிறார்கள். பிரான்ஸ் 2016-இல் வேறு வழியில் போனது. செக்கர் இருக்கும் இடத்தை எந்த வழியில் அறிவித்தாலும் இரண்டு மாதச் சிறை, 3,750 யூரோ அபராதம் என்று சட்டம் போட்டது. ஒருவர் கண்ணால் பார்த்ததைச் சொல்வதைக் குற்றமாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைவிட நல்ல கருவி கணிதத்திடம் இருக்கும்போது, தேவையும் இல்லை.

அந்தக் கருவி ஆட்டக் கோட்பாடு: எதிராளி என்ன செய்வார் என்பதையும் கணக்கில் எடுத்து முடிவெடுக்கும் கணிதம். கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் 1928-இல் அறைக்குள் ஆடும் விளையாட்டுகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு தேற்றம் வந்தது: எதிராளி நம் உத்தியைக் கண்டுபிடித்துவிட்டாலும் பாதகமில்லாமல் ஆட ஒரு வழி உண்டு, சரியான விகிதத்தில் குருட்டாம்போக்காகத் தேர்ந்தெடுப்பதே அது. பனிப்போர்க் காலத்தில், 1962-இல், கணிதவியலாளர் மெல்வின் டிரெஷர் இதை, சோதிப்பவருக்கும் ஏமாற்றுபவருக்கும் இடையிலான ஆட்டமாக மாற்றினார். ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை மீறும் நாட்டைக் கண்டுபிடிக்க, கையிலிருக்கும் சில சோதனைகளை எப்போது செலவழிப்பது என்பது அவர் எடுத்த கேள்வி. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2012-இல், கணினி அறிவியலாளர் மிலிந்த் தாம்பேயின் ஆய்வுக்குழு அதே குடும்பத்துக் கணிதத்தை லாஸ் ஏஞ்சலிஸ் மெட்ரோவின் டிக்கெட் சோதனைக்குக் கொண்டுவந்தது. செக்கர்கள் எப்போது எங்கே போக வேண்டும் என்ற அட்டவணையைக் கணினியே சீரற்ற முறையில் போடும் அந்த முறைக்கு டிரஸ்ட்ஸ் என்று பெயர். அதே குழு பின்னர் உகாண்டாவின் தேசியப் பூங்காவில் வேட்டைத் திருடர்களைத் தேடும் ரோந்துக்கும் இதைப் பயன்படுத்தியது. 1928-இல் இந்தக் கட்டுரையால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டு நிதியை மறுத்திருந்தால் இவற்றில் எதுவும் இருந்திருக்காது. மூன்று ஆண்டுக்குள் பயன் காட்டாத அடிப்படைக் கணிதத்துக்குப் பணமில்லை என்று சொல்லும் நிதிக் குழுக்கள் இந்த வரிசையை நிதானமாகப் படிக்க வேண்டும்.

குருட்டாம்போக்கு என்றால் என்னவென்று மனித மனத்துக்கு இயல்பாகத் தெரியாது, இதையும் சொல்ல வேண்டும். அட்டவணையைக் கையால் எழுதும் அதிகாரி, நேற்றுப் போன வழித்தடத்துக்கு இன்று அனுப்பமாட்டார். பயணியும் "நேற்றுதானே வந்தார், இன்று வரமாட்டார்" என்று நம்புவார். ராசியான பெட்டி, ராசியான நேரம் என்று வைத்திருப்பவர்களும் உண்டு. உண்மையான சீரற்ற தேர்வுக்கு நேற்று என்ற நினைவே கிடையாது. அந்த நம்பிக்கையை உடைப்பதற்கே கணினி தேவைப்படுகிறது.

சரி, டிரஸ்ட்ஸ் முறையைச் செயலி முறியடித்துவிடாதா? அந்த முறையின் கணக்கே, பயணிகள் பல நாள் பார்த்துச் சோதனையின் விகிதாச்சாரத்தை அறிந்துகொண்டிருப்பார்கள் என்ற அனுமானத்தில்தான் போடப்பட்டது. ஆனால் பகடையில் எந்த எண்ணுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று தெரிவது வேறு, இப்போது என்ன எண் விழுந்திருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது வேறு. முதலாவது தெரிந்தால் ஆட்டம் கெடாது. இரண்டாவது தெரிந்தால் கெடும். செயலி செய்வது இரண்டாவதை.

அப்படியானால் பகடையைத் திரும்பத் திரும்ப உருட்ட வேண்டும், செய்தி பரவும் வேகத்தைவிட வேகமாக. லாஸ் ஏஞ்சலிஸ் குழு அடுத்த ஆண்டே, வேறொரு காரணத்துக்காக, இதற்கான வழியைப் போட்டுவிட்டது. டிக்கெட் சோதிக்கும் ரோந்துக் காவலர் யாரையாவது பிடித்தால் அவருடைய அட்டவணை தவறிவிடும். அடுத்த ரயிலைத் தவறவிடுவார். அதனால் அட்டவணையை அவருடைய கைபேசியிலேயே வைத்து, இப்போது எங்கே, எத்தனை மணிக்கு நிற்கிறாரோ அங்கிருந்து அடுத்த அடியைச் சீரற்ற முறையில் தேர்ந்துகொடுக்கும்படி மாற்றினார்கள். பயணியின் கையில் ஒரு செயலி, செக்கரின் கையில் இன்னொன்று.

நிர்வாகத்துக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. அதன் நோக்கம் ஆட்களைப் பிடிப்பதைவிட டிக்கெட் வாங்கவைப்பது. ஒரு குழு ஒரு நிலையத்தில் ஐந்து நிமிடம் கண்ணில் படும்படி நின்றுவிட்டு அடுத்த ரயிலில் ஏறிப் போய்விட்டால், அவர்கள் போன பிறகும் சிவப்புப் புள்ளி வரைபடத்தில் நிற்கிறது. அதைப் பார்த்தவர்கள் டிக்கெட் எடுக்கிறார்கள், அல்லது அடுத்த நிலையத்துக்கு நகர்கிறார்கள். குழு எந்தத் திசையில் போனது என்பதைப் பகடை தீர்மானித்திருப்பதால், அந்த அடுத்த நிலையத்தைக் கடந்த கண்கள் இன்னும் போதவில்லை. அங்கே இருக்கும் மௌனம், நாம் கணக்குப் போட்ட அந்தப் பத்துப் பேரின் மௌனம்.