இரண்டு முறை நடந்தாலும் கெடாத வேலை

குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் பச்சைக் காயை இறக்கியதும் எடை போட்டுச் சீட்டு கொடுத்துவிடுவார்கள். காய் உலர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதுவரை தோட்டக்காரர் அங்கே உட்கார்ந்திருப்பதில்லை, சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பைதான் நிரல்மொழியில் பின்னணி வேலைகளை வரிசையில் போட்டுச் செய்வதும் இதே ஏற்பாடுதான்.

அப்படி ஒரு ஸ்டோருக்கு பில் போடும் நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எடை பதிந்ததும் பிடிஎஃப் ரசீது உருவாக வேண்டும், கம்பம் ஊரில் இருக்கும் உரிமையாளருக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும், கணக்கில் எடை ஏற வேண்டும். மழைக்காலத்தில் மலையில் நெட் படுத்துவிடும். குறுஞ்செய்தி போய்ச் சேரும்வரை திரை நின்றால், பின்னால் மூட்டைகளோடு ஆட்கள் நிற்பார்கள். அதனால் எடையைத் தரவுத்தளத்தில் எழுதி முடித்ததும், ‘பில் 1187, செய்தி அனுப்பு’ என்ற குறிப்பை மட்டும் வரிசையில் போட்டுவிட வேண்டும். முழு பில்லையும் அதில் திணிக்க வேண்டாம், எண் போதும். எழுதி முடிக்கும் முன்பே குறிப்பைப் போட்டால், ஒர்க்கர், அதாவது வரிசையிலிருந்து குறிப்பை எடுத்து வேலையைச் செய்யும் தனி நிரல், முந்திக்கொண்டு வந்து இல்லாத பில்லைத் தேடும்.

அந்த வரிசை பெரும்பாலும் ரெடிஸ் என்ற தரவுச் சேமிப்பு மென்பொருளில் இருக்கும் ஒரு பட்டியல்தான். ஒரு முனையில் குறிப்பு நுழையும், மறுமுனையில் ஒர்க்கர் எடுக்கும். பட்டியல் காலியாக இருந்தால் ஒர்க்கர் சும்மா சுற்றாமல் தூங்கும். ரெடிஸ் கட்டளைகளை ஒவ்வொன்றாகவே நிறைவேற்றுவதால், எத்தனை ஒர்க்கர் இருந்தாலும் ஒரு குறிப்பு ஒருவர் கைக்குத்தான் போகும். ஆர்.க்யூ. என்ற சிறிய நூலகம் ஒவ்வொரு வேலையையும் தனிப் பிள்ளைச் செயல்முறையில், அதாவது ஒர்க்கரிலிருந்து பிரிந்த தனி ஓட்டமாக, ஓட்டுகிறது. வேலை நொறுங்கினாலும் ஒர்க்கர் பிழைத்துக்கொள்ளும். செலரி என்ற நூலகம் இதைவிடப் பெரியது, ரெடிஸுக்குப் பதில் ராபிட்எம்கியூ என்ற வரிசை மென்பொருளோடும் பேசும்.

சரி, வேலை பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால்?

இங்கேதான் எல்லாமே இருக்கிறது. ‘இந்தக் குறிப்பு முடிந்தது’ என்று ஒர்க்கர் எப்போது சொல்கிறது என்பதைப் பொறுத்தே விளைவு. செலரி வழக்கமாக, வேலையைத் தொடங்குவதற்குச் சற்று முன்பே சொல்லிவிடுகிறது. அப்போது கரண்ட் போனால் அந்த வேலை காணாமல் போகும். ‘ஆக்ஸ் லேட்’ (acks_late) என்ற அமைப்பைப் போட்டால் முடித்த பிறகு சொல்லும். வேலை தொலையாது, ஆனால் இரண்டு முறை நடக்கலாம். ரெடிஸோடு ஓடும்போது ‘முடிந்தது’ என்று பதில் வராத குறிப்பை செலரி இயல்பாக 1 மணி நேரம் கழித்து மீண்டும் கொடுக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும் வேலையை, முதல் ஒர்க்கர் இன்னும் செய்துகொண்டிருக்கும்போதே இன்னொன்றும் எடுத்துக்கொள்ளும். ரெடிஸும் நினைவகத்தில் வாழ்வதுதான். தரவை மாற்றும் ஒவ்வொரு கட்டளையையும் கோப்பில் எழுதும் வசதி இயல்பாக அணைந்திருக்கும், அதை இயக்கி வைக்க வேண்டும்.

தொலைவதா, இரட்டிப்பதா என்றால் நான் இரட்டிப்பையே எடுப்பேன். அதைத் தாங்கும்படி வேலையை எழுத முடியும். ரசீதுக்கு பில் எண்ணையே கோப்புப் பெயராக வைத்தால் மறுபடி எழுதினாலும் அதே கோப்புதான். கணக்கில் ‘42 கிலோ கூட்டு’ என்று எழுதினால் இரண்டாம் முறை 84 ஆகிவிடும். அதற்குப் பதில் ‘பில் 1187, 42 கிலோ’ என்று ஒரு வரியாகப் பதிந்து, பில் எண் ஒரு முறைக்கு மேல் வரக் கூடாது என்று தரவுத்தளத்திடம் சொல்லிவிட்டால், இரண்டாவது முயற்சி தானாகத் தடுக்கப்படும். குறுஞ்செய்திக்கு மட்டும் முழுத் தீர்வு கிடையாது. செய்தி போய், ‘அனுப்பியாச்சு’ என்று எழுதும் முன் கரண்ட் போனால் உரிமையாளருக்கு இரண்டு செய்தி வரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், தோற்ற வேலைகள். நெட் இல்லாமல் தோற்றால் 1 நிமிடம், 2, 4, 8 என இடைவெளியை இரட்டிப்பாக்கி மீண்டும் முயலச் சொல்ல வேண்டும். கைப்பேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைந்திருந்தால் எத்தனை முறை முயன்றும் போகாது. அதை நேராகத் தோல்விப் பட்டியலுக்கு அனுப்பிவிடுங்கள், காலையில் ஸ்டோர் திறப்பவர் எண்ணைக் கேட்டுத் திருத்திக்கொள்வார்.