சென்னையில் குடும்பம் நடத்த எவ்வளவு சம்பளம் வேண்டும்?

வேலை மாறி சென்னைக்கு வருகிறவர்கள் நிதி ஆலோசகரான என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நான் முதலில் பார்ப்பது, அவர்கள் சொல்லும் தொகை சிடிசியா (நிறுவனம் ஒரு ஊழியருக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு), கைக்கு வருவதா என்று.

11 லட்சம் சிடிசி என்றால் மாதம் 91,000 வரும் என்று நினைத்து வீடு பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி என்று வைத்துக்கொள்வோம். அந்த அடிப்படைச் சம்பளத்தில் நிறுவனம் போடும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12%, உங்கள் பங்கு 12%, கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை 4.81%. மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 1,58,000 ரூபாய் போய்விடும். புதிய வரி முறையில் வருமான வரி வராவிட்டாலும் கையில் நிற்பது 78,000தான். இன்சென்டிவும் சிடிசியில் சேர்ந்திருந்தால் இன்னும் குறையும்.

சரி, இந்த 78,000 போதுமா? தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் கணவன், மனைவி, பள்ளி செல்லும் ஒரு குழந்தை என்று ஒரு கணக்குப் போடுவோம். வாடகையும் மெயின்டனன்ஸும் 18,000. மளிகை, பால், காய்கறி, கேஸ் 14,000. கரண்ட், போன், இன்டர்நெட் 3,000. பெட்ரோல், ரயில் 5,000. மருந்து 1,500. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 5,000. மொத்தம் 46,500. பலர் இந்த இடத்திலேயே கணக்கை முடித்துவிட்டு, முப்பதாயிரம் மிச்சம் என்று மகிழ்ந்துவிடுகிறார்கள்.

குடும்பங்கள் தடுமாறுவது மாதச் செலவில் அல்ல, ஆண்டுச் செலவில். ஜூனில் ஸ்கூல் ஃபீஸ், அப்புறம் தீபாவளி, ஊருக்குப் போய்வருவது, மொய், பைக் இன்சூரன்ஸ். ஃபீஸும் வேன் கட்டணமும் ஆண்டுக்கு 1,08,000 என்றால் மாதம் 9,000 எடுத்து வைக்க வேண்டும். பண்டிகை, விசேஷங்களுக்கு 5,000. சொந்தமாக எடுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கு 2,000. அலுவலகம் தரும் பாலிசி வேலையை விட்டதும் முடிந்துவிடும், அதை மட்டும் நம்ப வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியும் இல்லை.

இப்போது செலவு 62,500. சேமிப்புக்கு 15,500 நிற்கிறது. இந்தக் குடும்பத்துக்கு இதுதான் வசதியான வாழ்க்கை என்பேன். ஜூன் மாதம் கிரெடிட் கார்டைத் தேய்க்காமல் ஃபீஸ் கட்ட முடிகிறது, ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் நகையை அடகு வைக்க ஓட வேண்டியதில்லை.

இதே குடும்பம் அலுவலகத்துக்குப் பக்கம் என்று 30,000 ரூபாய் வாடகைக்குப் போனால் சேமிப்பு 3,500 ஆகிவிடும். பயணத்தில் இரண்டாயிரம் மிச்சமானாலும் அது ஈடாகாது. அதனால் வாடகை, கைக்கு வரும் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

வீட்டு அட்வான்ஸுக்காகப் பர்சனல் லோன் எடுப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். பத்து மாத அட்வான்ஸ் இங்கே பழைய வழக்கம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதைச் சொல்லிப் பேசுங்கள். புது நிறுவனத்திடமும் மாதம் கைக்கு எவ்வளவு வரும் என்று எழுத்தில் வாங்கிய பிறகு வீட்டுக்கு டோக்கன் கொடுங்கள்.