குழாயைத் திறந்தால் டிவி ஏன் அணைகிறது?

இரவுச் சாப்பாடு முடிந்திருக்கிறது. படுக்கையும் சமையலறையும் உள்ள சின்ன மோட்டார்ஹோம் வண்டி ஒன்றில் புதிதாக மாட்டிய 24 அங்குல டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. தட்டைக் கழுவ ஒருவர் குழாயைத் திறக்கிறார். டிவி பொசுக்கென்று அணைந்து, கம்பெனி பெயரைக் காட்டிக்கொண்டு முதலிலிருந்து எழுகிறது. அரை நிமிடம் கழித்துக் குழாயைத் திறந்தால் மறுபடி அதே கதை. வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு கிளம்பும். பாவம், டிவிமேல் ஒரு தப்பும் இல்லை.

புது டிவி வாங்குகிறவர்கள் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள்: எத்தனை அங்குலம், எத்தனை கே என்று. வண்டிக்கு வாங்குகிறவர் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அங்கே ஒட்டியிருக்கும் லேபிளில் வோல்டேஜுக்குப் பக்கத்தில் ஒரு குறி இருக்கும். நெளிந்த கோடு என்றால் ஏசி, அதாவது வீட்டுப் பிளக்கில் வரும் மாறுதிசை மின்சாரம். ஒரு நேர்கோடும் அதன்கீழ் மூன்று குட்டிக் கோடுகளும் என்றால் டிசி, பேட்டரி தருவதுபோன்ற நேர்திசை மின்சாரம்.

உண்மையில் எல்லா டிவியும் உள்ளுக்குள் டிசியில்தான் ஓடுகிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசியை வாங்கி, 12 அல்லது 19 வோல்ட் போன்ற சிறிய டிசியாக மாற்றித்தான் சர்க்யூட் போர்டுக்கே அனுப்புகிறது. பெரிய டிவியில் இந்த வேலையைச் செய்யும் போர்டு உள்ளேயே இருக்கும். சின்ன டிவிகள் பலவற்றில் அது தனி அடாப்டராக ஒயரில் தொங்கும். இப்போது வண்டியில் ஓர் இன்வெர்ட்டர் வைத்து அந்த டிவியை ஓட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் 12 வோல்ட் டிசி, இன்வெர்ட்டரில் 230 வோல்ட் ஏசியாக ஏறுகிறது. உடனே அடாப்டரில் திரும்ப 12 வோல்ட் டிசியாக இறங்குகிறது. மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுகிற வேலை. ஒவ்வொரு மாற்றத்திலும் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு வெப்பமாகப் போனால், 24 வாட் டிவிக்குப் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 32 வாட் இழுக்க வேண்டியிருக்கும். டிவியை அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் சும்மா இருக்காது. அதன் உள்சுற்றுக்கென்று சில வாட்டைத் தின்றுகொண்டே இருக்கும்.

அப்படியானால் 12 வோல்ட் டிசி டிவியை நேராகப் பேட்டரியில் செருகிவிடலாமா? இங்கேதான் ‘12’ என்ற எண் ஏமாற்றுகிறது. அடாப்டர் தருவது அசல் 12. வண்டி தருவது பெயருக்கு 12. ஈய அமில பேட்டரிக்குள் ஆறு செல்கள், முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட், ஆகமொத்தம் 12.6க்கு மேல். பாதி தீர்ந்தால் 12.1 அளவுக்கு இறங்கும். இன்ஜின் ஓடி, அதோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யும்போது 14.4ஐத் தொடும். லித்தியம் பேட்டரியும் சார்ஜ் ஆகும்போது கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கும். வீட்டு உபயோகத்துக்கென்று செய்த டிவி இந்த ஏற்ற இறக்கத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதல்ல. வண்டிக்கென்றே வரும் டிவிகளில் இதைத் தாங்கும் சுற்று உள்ளேயே இருக்கும். அவற்றின் லேபிளில் 12 என்பதற்குப் பதிலாக இத்தனை முதல் இத்தனை வோல்ட் வரை என்று ஒரு வரம்பே போட்டிருப்பார்கள்.

குழாய்க்கு வருவோம். குழாயைத் திறந்ததும் தண்ணீர் பம்ப் ஓடத் தொடங்குகிறது. பம்பும் டிவியும் ஒரே ஒயரில் தொங்குகின்றன. ஒயர் செம்புதான், ஆனாலும் கொஞ்சம் தடை உண்டு. 1.5 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள ஒயர் பேட்டரியிலிருந்து 5 மீட்டர் போய், 5 மீட்டர் திரும்பி வந்தால் தடை சுமார் 0.115 ஓம். டிவி மட்டும் 2 ஆம்பியர் இழுக்கும்போது வழியில் தொலைவது 0.23 வோல்ட், கணக்கிலேயே வராது. பம்ப் தன் பங்குக்கு 5 ஆம்பியர் இழுத்தால் இழப்பு 0.8 வோல்ட் ஆகிறது. நின்றிருந்த மோட்டார் சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில் கேட்கும் கரண்ட் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு. பேட்டரியில் 12.1 இருந்தாலும் டிவியின் பின்னுக்குப் போய்ச் சேர்வது 10.5க்கும் கீழே போய்விடலாம். டிவி மூச்சுவிட மறந்து அணைகிறது. பேட்டரி முனையில் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். டிவியின் சாக்கெட்டில் வைத்துக்கொண்டு, இன்னொருவரைக் குழாயைத் திறக்கச் சொல்ல வேண்டும். அப்போது குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபடும்.

வழி இரண்டு. டிவிக்குத் தனி ஃபியூஸோடு இன்னும் கனமான தனி ஒயர் இழுப்பது முதல் வழி. டிவிக்கு முன்னால் ஒரு டிசி கன்வர்ட்டர் வைப்பது இரண்டாவது. இது இன்வெர்ட்டர் இல்லை. இதற்குள் ஒரு மின்சுருளும், அதற்குக் கரண்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை விட்டும் நிறுத்தியும் விளையாடும் ஸ்விட்சும் இருக்கும். விட்டபோது சுருளின் காந்தப்புலத்தில் ஆற்றல் சேர்கிறது. நிறுத்தியதும் அது வெளிப்பக்கம் வழிகிறது. விடும் நேரத்தையும் நிறுத்தும் நேரத்தையும் கூட்டிக் குறைத்து, உள்ளே 10 வந்தாலும் 15 வந்தாலும் வெளியே 12ஐ நிறுத்திவிடுகிறது. 19 வோல்ட் டிவியா? அதற்கு உயர்த்தித் தரும் வகையும் உண்டு. இதன்வழியே வீணாவது மேலே பார்த்த சுற்றுவழியைவிடக் குறைவு.

டிவி தின்னும் மின்சாரத்தில் பெரும்பங்கு திரைக்குப் பின்னிருக்கும் எல்இடி விளக்குக்கே போகிறது. அந்த வெளிச்சத்தில் பாதியை முதல் போலரைசர், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடு, விழுங்கும். மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிற வடிகட்டிகள் விழுங்கும். மற்ற அடுக்குகளின் இழப்பும் சேர்ந்து, கடைசியில் நம் கண்ணுக்கு வருவது பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆகவே பேட்டரியை மிச்சப்படுத்த, மெனுவில் பேக்லைட் அளவைக் குறைப்பதைவிட எளிய வழி இல்லை. இருட்டிய வண்டிக்குள் கண்ணுக்கும் அதுதான் இதம்.

திரையின் வகையிலும் கவனம் வேண்டும். வீட்டில் சோபாவுக்கு நேரெதிரே டிவி இருக்கும். வண்டியில் ஒருவர் படுக்கையிலிருந்து அண்ணாந்து பார்ப்பார், இன்னொருவர் பக்கவாட்டில். மலிவான டிஎன் வகைத் திரையைக் கீழிருந்து பார்த்தால் முகங்கள் கறுத்து, நெகட்டிவ் ஃபிலிம்போலத் தெரியும். ஐபிஎஸ் வகையில் திரவப் படிகங்கள் திரைக்கு இணையாகவே திரும்புவதால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. நானாக இருந்தால் இதற்குத்தான் கூடுதலாகச் செலவழிப்பேன், 4கே-க்கு அல்ல. நல்ல கண் பிரித்தறியும் எல்லை ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தூரத்தில் அது 0.29 மில்லிமீட்டர். 24 அங்குல ஃபுல் ஹெச்டி திரையின் புள்ளி 0.28. அதற்குமேல் புள்ளிகளைப் பொடியாக்கினால் யார் பார்ப்பது?

டிவியைச் சுவரில் மாட்டும் தாங்குகைக்கும் ஒரு கணக்கு உண்டு. 4 கிலோ டிவி, சுவரிலிருந்து 40 சென்டிமீட்டர் நீட்டிய கையில் தொங்குகிறது. சுவர்த்தகட்டின் மேல் கீழ் திருகுகளுக்கு இடையே 10 சென்டிமீட்டர். மேல் திருகுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 16 கிலோ எடைக்குச் சமம். வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறும் நொடியில் அது இரண்டு மூன்று மடங்காகும். மெல்லிய பிளைவுட் தாங்காது. சுவருக்குப் பின்னால் ஒரு பலகை கொடுத்துத் திருக வேண்டும், ஓடும்போது கையை மடித்துப் பூட்டவும் வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு ஆன்டெனாவில் நன்றாக வந்துகொண்டிருந்த சேனல்கள் திடீரென்று காணாமல் போகலாம். டிஜிட்டல் ஒளிபரப்பில் பழைய டிவியின் புள்ளி மழை கிடையாது. ஒரு அளவுவரை படம் பளிச்சென்று வரும், அதற்குக் கீழே கட்டம் கட்டமாக உடைந்து அடியோடு போய்விடும். மரத்தையும் மேகத்தையும் பழிப்பதற்கு முன் புது கன்வர்ட்டரைப் பாருங்கள். அந்த ஸ்விட்சின் வேகமான துடிப்பு ரேடியோ இரைச்சலாகக் கசிந்து, பக்கத்தில் ஓடும் ஆன்டெனா ஒயரில் ஏறும். கன்வர்ட்டரின் ஒயரில், இந்த இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் ஒன்றை மாட்டி, கன்வர்ட்டரை ஆன்டெனா ஒயரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வைத்தாலே பெரும்பாலும் சேனல்கள் திரும்பிவிடும்.