வண்டலூருக்குப் போகிறீர்களா? சீடைப் பை உங்கள் கையிலேயே இருக்கட்டும்

பள்ளி விடுமுறை விட்டால் போதும், காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற குடும்பங்கள் நிறைய. பையில் சீடையும் தேன்குழலும் கட்டாயம் இருக்கும். அதில் ஒரு கைப்பிடி மானுக்குப் போனால் என்ன ஆகும் என்பதைக் கால்நடை மருத்துவனாக நான் சொல்லியாக வேண்டும்.

நம் பக்கம் கல்யாணமோ பொங்கலோ முடிந்த மறுநாள் எனக்கு ஃபோன் வந்தால் பெரும்பாலும் ஒரே சங்கதிதான். "டாக்டர், மிஞ்சின சோத்த மாடு நல்லாத் தின்னுச்சு, இப்ப எந்திரிக்க மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் இடப்பக்க வயிறு உப்பியிருக்கும். கையை மடக்கி அழுத்தினால் உள்ளே தண்ணீர் அலம்பும். சாணம் கஞ்சி மாதிரி போகும். அதில் சோற்றுப் பருக்கை தெரியும், புளித்த வாடை அடிக்கும். புல்லுக்குப் பழகிய வயிற்றில் மாவுப்பொருள் மொத்தமாக விழுந்தால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை லாக்டிக் அமிலமாக்கிவிடும். உடம்பின் நீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கும். ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம். சீக்கிரம் சொல்லிவிட்டால், சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி, சலைன் ஏற்றிப் பல மாடுகளைக் காப்பாற்றலாம்.

புள்ளிமான், கடமான், காட்டுமாடு எல்லாம் அசைபோடும் இனம். அதே நான்கு அறை வயிறுதான். ஆனால் மான் தன் நோவை வெளியே காட்டாது. படுத்த பிறகுதான் தெரியும். பிடிக்கப் போனால் மிரண்டு ஓடி, தசை சிதைந்து, பிடித்த பிறகும் செத்துப்போவது உண்டு. மயக்க ஊசியிலும் ஆபத்து இருக்கிறது. எண்ணெயும் உப்பும் ஒட்டிய பிளாஸ்டிக் பை என்றால் இன்னும் மோசம், பையோடு சேர்த்தே தின்றுவிடும். தெருமாட்டின் வயிற்றைத் திறந்து, கயிறாக முறுக்கிக் கிடந்த பைகளை நான் கையால் இழுத்து எடுத்திருக்கிறேன்.

1855இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கியதுதான் சென்னையின் விலங்குக் காட்சிசாலை. பிறகு அது சென்ட்ரல் பக்கத்துப் பூங்காவுக்கு மாறியது. நம் அப்பத்தாக்கள் 'உயிர் காலேஜ்' என்று சொல்வது அதைத்தான். குரங்குக்குக் கடலை போட்ட கதையைப் பெரியவர்கள் இன்றும் ஆசையாகச் சொல்கிறார்கள். 1985இல் வண்டலூரில் சுமார் 510 ஹெக்டேரில் புதிய பூங்கா திறந்தார்கள். அங்கே பல இடங்களில் கம்பிக்கூண்டுக்குப் பதில் அகழிதான். அழகான ஏற்பாடு, ஆனால் எதையும் தூக்கி எறிவது சுலபம்.

நம்மிடமிருந்து விலங்குக்கு நோயும் போகலாம். 2021 ஜூனில் அங்கே கொரோனா தொற்றிய சிங்கங்களில் இரண்டு இறந்துபோயின. சளி, காய்ச்சல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

பூங்கா விலங்குக்குத் தீனி போடுவது, சீண்டுவது, கத்தி மிரட்டுவது எல்லாமே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், சிறைவரை போகலாம். பிள்ளைகளுக்கு உள்ளே போகும் முன்பே வயிறாரச் சாப்பிடக் கொடுத்துவிடுங்கள். அப்படியும் குழந்தை கையிலிருந்து ஏதாவது உள்ளே விழுந்துவிட்டால், திட்டுவார்களே என்று நழுவாதீர்கள். என்ன விழுந்தது, எந்த விலங்கு தின்றது என்று அங்குள்ள பராமரிப்பாளரிடம் அப்போதே சொல்லுங்கள். அந்தத் தகவல் கையில் இருந்தால்தான் மருத்துவரால் நேரத்தோடு ஏதாவது செய்ய முடியும்.